கல்லூரி வளாகத்தில் குறைந்த செலவில் ஒரு தோட்டம்: திட்டத்தை மே மாதத்திலிருந்து தொடங்குங்கள்

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருக்கும் இளம் ஆசிரியர் ஒருவர் கேட்டிருப்பது இது. நூலகத்துக்கும் மாணவர் விடுதிக்கும் இடையில் சீமைக்கருவேல் மண்டிக் கிடந்த 20 சென்ட் இடத்தை நிர்வாகம் சுத்தம் செய்து கொடுத்திருக்கிறது. கையில் 60,000 ரூபாய் இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீர் சற்று உவர்ப்பு. நடுவில் புல்தரை, ஓரங்களில் வண்ணம் பூசிய டயர்த் தொட்டிகள், சுவரில் பிளாஸ்டிக் பாட்டில்களில் செங்குத்துத் தோட்டம், ஒரு மூலையில் கன்றுகளை நெருக்கி நட்டு வளர்க்கும் மியாவாக்கி காடு என்று வரைபடம் போட்டு, ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாளன்று நடவைத் தொடங்க எண்ணியிருக்கிறார். செலவும் கட்டுக்குள் இருக்க வேண்டும், சூழலுக்கும் கேடு இருக்கக் கூடாது. இந்தத் திட்டத்தில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை மாற்றலாம் என்பது அவருடைய கேள்வி.

தாவரவியல் ஆசிரியராக இருந்த இருபத்தாறு ஆண்டுகளில் மூன்று கல்லூரி வளாகங்களில் தோட்டப் பொறுப்பைப் பார்த்தவன் என்ற முறையில், செடிகளைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கல்லூரித் தோட்டம் வீட்டுத் தோட்டத்தைப் போன்றதல்ல. வீட்டில் ஆண்டு முழுவதும் யாராவது இருப்பார்கள். கல்லூரியிலோ ஏப்ரல் கடைசியில் தேர்வு முடிந்தவுடன் வளாகம் காலியாகி, ஜூன் நடுவில்தான் மறுபடி ஆள் நடமாட்டம் தொடங்குகிறது. வெயில் மிகக் கடுமையாக இருக்கும் ஏழெட்டு வாரங்களும் தோட்டத்தில் யாரும் இல்லாத ஏழெட்டு வாரங்களும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. நான் பார்த்தவரை, கல்லூரித் தோட்டங்கள் பணம் இல்லாமல் அழிந்ததைவிட இந்த விடுமுறையில் அழிந்தவையே அதிகம். ஆகவே வரைபடத்தில் நீங்கள் குறிக்கும் ஒவ்வொன்றையும், மே 20-ஆம் தேதி யாரும் இல்லாதபோது இது என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்குத் தாக்குப்பிடிப்பதை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டால், செலவும் தானாகக் குறைந்துவிடும். ஏனென்றால் கோடையில் சாகும் பொருள்களுக்குத்தான் நாம் திரும்பத் திரும்பப் பணம் செலவழிக்கிறோம்.

இதை நான் முதல் கல்லூரியிலேயே கற்றிருக்க வேண்டும். அங்கே ஒரு ஜூன் 5 அன்று, விருந்தினர்கள் முன்னிலையில் 300 கன்றுகளை நட்டோம். தீபாவளிக்குள் உயிரோடு இருந்தவை நாற்பதுக்கும் குறைவு. மாணவர்கள் தண்ணீர் ஊற்றவில்லை என்று அப்போது வருத்தப்பட்டேன். தவறு மாணவர்களுடையது அல்ல, நாளைத் தேர்ந்தெடுத்த என்னுடையது. 1973 முதல் உலகம் முழுவதும் கொண்டாடப்படும் அந்த நாள், தென்மேற்குப் பருவமழை இறங்கும் கேரளத்துக்கும் மேற்குக் கடற்கரைக்கும் பொருத்தமான நடவு நாள்தான். மழை மறைவுப் பக்கத்தில் இருக்கும் நம் தென்மாவட்டச் சமவெளிக்கோ அது அக்கினி நட்சத்திரம் முடிந்து ஒரு வாரமே ஆன, அனல் காற்று வீசத் தொடங்கும் காலம். உங்கள் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மி.மீ. மழை பெய்கிறது என்றால், அதில் பெரும்பங்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழையாக வருவது. ஜூனில் நட்ட கன்று நான்கு மாதம் உங்கள் குடத்தை நம்பி வாழ வேண்டும். ஐப்பசி முதல் மழையில் நட்ட கன்று வேரை இறக்கிக்கொள்ள மார்கழி, தை வரை ஈரமான மண் இருக்கும்; அந்த வேரோடுதான் அது முதல் கோடையைச் சந்திக்கும்.

விழாவை விட்டுவிடச் சொல்லவில்லை. ஜூன் 5 அன்று குழி வெட்டுங்கள், விருந்தினர்களை முதல் மண்வெட்டியைப் போடச் சொல்லுங்கள். இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம் கொண்ட குழிகள் வெயிலில் ஆறி, காற்றில் சருகு விழுந்து, ஓரிரு கோடை மழையை வாங்கி ஐப்பசி வரை காத்திருப்பது மண்ணுக்கு நல்லது. மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை மறு பக்கமும் போடச் சொல்லுங்கள். நடும்போது மேல்மண்ணும் மட்கிய எருவும் முதலில் உள்ளே போக வேண்டும். குழிகளின் ஓரத்தில் கயிறு கட்டி வையுங்கள், இரவில் யாரும் தடுமாறி விழாமல் இருக்க.

அடுத்தது மண். கட்டடத்தை ஒட்டிய நிலம் என்பதால் ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது: நூலகமும் விடுதியும் கட்டிய காலத்துச் சிமென்ட் சல்லி, காரைத் துண்டு, செங்கல் உடைசல் எல்லாம் அந்த இடத்தில்தான் கொட்டப்பட்டிருக்கும். சுண்ணாம்பு கலந்த அந்த இடிபாடு மண்ணின் காரத்தன்மையைக் கூட்டிவிடும். கன்றுகளின் இளந்தளிர் நரம்பு மட்டும் பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் மாறி நிற்பதை அங்கேதான் அடிக்கடி பார்க்கலாம். உடைசலைப் பொறுக்கி எடுங்கள். அதுவே நடைபாதைக்கு அடித்தளமாகப் பயன்படும், வெளியே கொட்ட வண்டி வாடகையும் மிச்சம். மண் மாதிரியை அரசு மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பாருங்கள். அதோடு நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஓரடி ஆழக் குழியில் தண்ணீரை நிரப்பி வற்ற விட்டு, மறுபடி நிரப்பி, இரண்டாம் முறை வற்ற எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் வற்றினால் மணற்பாங்கான செம்மண். மறுநாள் வரை நின்றால் கரிசல் அல்லது இறுகிப்போன மண். உங்கள் மாவட்டத்தில் இரண்டும் உண்டு, ஒரே வளாகத்தில் இரண்டும் இருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

மண்ணை வளப்படுத்த வண்டி வண்டியாகச் செம்மண்ணும் எருவும் வாங்குவதே பெரும்பாலான கல்லூரிகளில் முதல் செலவாக இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். ஆடியிலோ ஆவணியிலோ ஒரு நல்ல மழை கிடைத்தவுடன் பலதானியம் விதையுங்கள். கம்பு, சோளம், உளுந்து, தட்டைப்பயறு, எள், ஆமணக்கு, கொத்தமல்லி, சணப்பு, தக்கைப்பூண்டு என்று கிடைக்கும் விதைகளைக் கலந்து ஏக்கருக்கு 20 கிலோ என்ற கணக்கில் இயற்கை வேளாண்மை செய்வோர் விதைக்கிறார்கள். உங்கள் 20 சென்டுக்கு நான்கு கிலோ போதும். நாற்பத்தைந்து, ஐம்பது நாளில் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதுவிட்டால், ஐப்பசி நடவுக்குள் அது மண்ணோடு மட்கிவிடும். ஆடிப்பட்டம் தேடி விதை என்ற சொல்லை மாணவர்கள் கேட்டிருப்பார்கள். அதைத் தங்கள் கையால் செய்து பார்க்க இதைவிட எளிய வழி இல்லை.

தண்ணீருக்கு வருகிறேன். இந்தப் பதிலில் அதிக இடத்தை இதற்குத்தான் கொடுக்கப்போகிறேன், உங்கள் பணத்திலும் அதிகப் பங்கை இதற்கே கேட்பேன்.

ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். நூலகக் கூரை 4,000 சதுர அடி என்று கொண்டால் அது ஏறத்தாழ 370 சதுர மீட்டர். ஐப்பசி, கார்த்திகையில் 400 மி.மீ. பெய்தால் அந்தக் கூரையிலிருந்து மட்டும் ஒன்றரை லட்சம் லிட்டர் வடிகிறது. சிந்துவதும் ஆவியாவதும் போக ஒரு லட்சத்து இருபதாயிரம் லிட்டராவது நம் கைக்கு வரும். 2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்ட பிறகு கட்டிய கட்டடம் என்றால் குழாய்கள் ஏற்கெனவே இருக்கும். பல வளாகங்களில் அவை சாக்கடையில் போய் முடிவதையும் பார்க்கலாம். அவ்வளவு நீரையும் தொட்டி கட்டிச் சேமிக்க உங்கள் பணம் போதாது, தேவையும் இல்லை. மண்ணே தொட்டி. குழாய் நீரை 20 சென்டின் மேட்டுப் பக்கத்தில் இறக்கி, சரிவுக்குக் குறுக்கே முழங்கால் ஆழத்துக்கு வெட்டிய வாய்க்கால்களில் நின்று நிதானமாக இறங்கவிடுங்கள். வாய்க்காலின் கீழ்ப்பக்க வரப்பில் மரங்கள் வர வேண்டும்.

செடிப் பாத்திகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். படங்களில் நாம் பார்க்கும் தோட்டங்களில் பாத்திகள் செங்கல் கட்டி உயர்த்தப்பட்டிருக்கும். அது மழை மிகுந்த, குளிர்ந்த நாடுகளின் தேவை. அங்கே அதிக நீரை வடிப்பதுதான் சிக்கல். நம் செம்மண் நிலத்தில் உயர்த்திய பாத்தி நான்கு பக்கமும் வெயில் பட்டு இரண்டே நாளில் காய்ந்துபோகும். நமக்கு வேண்டியது தரை மட்டத்துக்கு அரையடி கீழே இருக்கும் பள்ளப் பாத்தி. செங்கலுக்கும் சிமென்டுக்கும் செலவில்லை, ஒரு சாரல் பெய்தாலும் நீர் அங்கேதான் போய் நிற்கும். குழிச் சோதனையில் தண்ணீர் மறுநாள் வரை நிற்கும் கரிசல் மண்ணாக இருந்தால் மட்டும் கார்த்திகை மழையில் வேர் அழுகாமலிருக்க மேட்டுப்பாத்தி போட வேண்டும்.

கோடைக்கு என் பரிந்துரை பானைப் பாசனம். இதைப் பழைய முறை என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். மே மாதத்து ஆளில்லாத தோட்டத்துக்கு இதைவிடக் குறைந்த செலவில் எதையும் நான் கண்டதில்லை. எட்டு லிட்டர் கொள்ளும் மண்பானையைக் கன்றிலிருந்து ஓரடி தள்ளிக் கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி புதைத்து, நீர் நிரப்பி, மேலே ஒரு தட்டையோ தட்டைக் கல்லையோ வைத்து மூடிவிட வேண்டும். மண் காயக் காயப் பானை வியர்க்கும். மண் ஈரமாக இருந்தால் கசிவு தானாகக் குறையும். தரைமேல் ஊற்றும் நீரைப்போல ஆவியாகிப் போவதில்லை, கன்றைச் சுற்றிக் களையும் வருவதில்லை. உவர்ப்பு நீரையும் தெளித்து ஊற்றுவதைவிட இந்த முறையில் செடிகள் நன்றாகவே தாங்குகின்றன; வேரருகே மண் எப்போதும் ஈரமாக இருப்பதால் உப்பு செறிந்து தாக்குவது குறைவு, ஓரத்தில் படிவதை ஐப்பசி மழை கழுவிவிடும். மானாமதுரை போன்ற குயவர் ஊர்களில், சூளையில் சற்றுக் கோணலாகிப்போன பானைகளைக் கேட்டுப் பாருங்கள். சந்தைக்கு ஆகாதவை நமக்கு ஆகும். வாங்குவதற்கு முன் ஒரு பானையில் நீரூற்றி ஒரு நாள் வையுங்கள். வெளிப்புறம் நனைந்திருந்தால் வாங்கலாம். உலர்ந்தே இருந்தால் அது அதிகமாக வெந்த பானை, கசியாது. உள்ளே கொசு முட்டையிடாமலிருக்க மூடியை ஒருபோதும் மறக்கக் கூடாது.

நாற்பது செடிகளுக்கு நாற்பது பானை, வாரத்துக்கு இரண்டு முறை நிரப்பினால் 640 லிட்டர். இதை உங்கள் வரைபடத்தில் நடுவில் இருக்கும் புல்தரையோடு ஒப்பிடுங்கள். கோடையில் புல்தரையிலிருந்து ஒரு நாளைக்கு ஐந்து மில்லிமீட்டர் அளவுக்கு நீர் ஆவியாகிப் போகும். 1,000 சதுர அடிப் புல்லுக்கு அது ஒரு நாளைக்கு 460 லிட்டர். மொத்தத் தோட்டமும் ஒரு வாரம் குடிக்கும் தண்ணீரில் புல்தரை இரண்டு நாள்கூடத் தாங்காது. அதுவும் உவர்ப்பு நீரைப் புல்மேல் தெளித்தால் நுனி கருகும். புல்தரையை விட்டுவிடுங்கள் என்று திட்டவட்டமாகவே சொல்கிறேன். மாணவர்கள் அமர்வதற்குத்தான் புல் என்றால், வெயிலில் புல்மேல் யாரும் அமர்வதில்லை. மர நிழலில் வெறும் மண்தரையில் அமர்வார்கள்.

விடுதி உணவகத்தின் கைகழுவும் நீரையும் பயன்படுத்தலாம். ஒரு மாணவர் ஒரு வேளைக்கு இரண்டு லிட்டர் என்றாலும் 300 பேருக்கு 600 லிட்டர். பாத்திரம் கழுவும் எண்ணெய் நீரைச் சேர்க்காமல் கைகழுவும் நீரை மட்டும் தனிக் குழாயில் எடுத்து, சோற்றுப் பருக்கைகளை வடிகட்டி, சரளைக்கல் நிரப்பிய வாய்க்காலில் கல்வாழையும் சேம்பும் நட்டு அதன் வழியே விடுங்கள். அதிலிருந்து வெளிவரும் நீர் வாழைக்கும் தென்னைக்கும் போகலாம். பச்சையாக உண்ணும் கீரைக்கு வேண்டாம். ஆனால் மே மாதத்தில் விடுதியும் மூடியிருக்கும், இந்த நீரும் நின்றுவிடும் என்பதை நினைவில் வையுங்கள். அதனால்தான் கல்வாழையைச் சொல்கிறேன்: இலை முழுவதும் காய்ந்தாலும் கிழங்கு மண்ணுக்குள் உயிரோடிருந்து, விடுதி திறந்த இரண்டு வாரத்தில் மறுபடி துளிர்க்கும். குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் கழிக்கும் நீரைச் செடிக்கு விடலாமா என்று பலர் கேட்கிறார்கள். உங்கள் மூல நீரே உவர்ப்பு என்பதால் கழிவு நீரில் உப்பு இன்னும் செறிந்திருக்கும். அதை நடைபாதை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். கணினி ஆய்வகத்தின் ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் நீர் நேர்மாறானது, உப்பே இல்லாதது. ஒரு குடத்தில் பிடித்து நாற்றங்காலுக்கு ஊற்றலாம்.

தண்ணீரின் மறுபாதி மூடாக்கு, அதாவது மண்ணைச் சருகால் போர்த்தி வைப்பது. வளாகத்தில் தூங்குமூஞ்சியும் மே பூ மரமும் இருந்தால் தை, மாசியில் சருகு மலையாகக் குவியும். பெரும்பாலான இடங்களில் அதைக் கூட்டித் தீ வைக்கிறார்கள். அந்தப் புகையை நிறுத்துவதே உங்கள் தோட்டத்தின் முதல் சூழல் பணியாக இருக்கட்டும். சருகையும் கடலைத்தோலையும் கரும்புச் சோகையையும் அரையடி உயரத்துக்குப் பாத்தியில் பரப்புங்கள். தண்டை ஒட்டாமல் நான்கு விரல் இடைவெளி விட வேண்டும். கரையான் வருமே என்று தோட்டக்காரர்கள் தயங்குவார்கள். கரையான் தேடுவது செத்த மரத்தை; நட்ட புதிதில் வாடிய கன்றை மட்டும் தாக்கும். குழியில் இரண்டு கை வேப்பம் புண்ணாக்கு போட்டு நட்டால் அந்த முதல் சில மாதங்களைக் கடத்திவிடலாம். கடைசியாகப் பணிபுரிந்த கல்லூரியில் ஒரு சித்திரை மாத மதியம், மூன்றாமாண்டு மாணவி ஒருவரிடம் வெறும் தரையில் ஒரு கையையும் மூடாக்குக்குள் மறு கையையும் வைத்துப் பார்க்கச் சொன்னேன். தரையில் வைத்த கையை உடனே எடுத்துவிட்டார். மற்றொரு கை மணிக்கட்டு வரை சருகுக்குள் போயிருந்தது. அதை எடுக்கும்போது விரல்களில் கறுப்பான ஈரமண்ணும், வெள்ளை நூலாகப் பூஞ்சண இழையும் ஒட்டியிருந்தன. அதற்குப் பிறகு அந்த வகுப்பில் யாரும் சருகைக் கூட்டித் தீ வைக்க விடவில்லை.

மீதிச் சருகை மட்க வைக்கச் சிமென்ட் தொட்டி வேண்டாம். நான்கடி விட்டத்துக்குக் கம்பிவலையை வளைத்து நிறுத்தி, ஓரடிச் சருகு, அதன்மேல் சாணக் கரைசல், கொஞ்சம் பச்சைத் தழை என்று அடுக்கி, பிழிந்த துணியின் ஈரம் இருக்குமாறு பார்த்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை கிளறிவிட்டால் மூன்று மாதத்தில் எரு தயார். உணவகத்தின் காய்கறித் தோலைச் சேர்க்கலாம். சமைத்த மிச்சம் எலியையும் நாயையும் அழைத்துவரும்.

டயர்த் தொட்டிகளையும் பாட்டில் தோட்டத்தையும் பற்றி, மாணவர்களின் ஆர்வத்தைக் குறைக்காமல் சொல்ல விரும்புகிறேன். கழிவைப் பயன்படுத்துவது நல்ல எண்ணம். ஆனால் டயரின் உள்மடிப்பில் தேங்கும் மழைநீர்தான் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு மிகப் பிடித்த இடம். விடுதிக்கு அருகில் அதை வைக்கவே கூடாது. ஒரு லிட்டர் பாட்டிலில் இருக்கும் கையளவு மண் சித்திரை வெயிலில் ஒரு பகலில் காய்ந்துவிடும். செடி செத்த பிறகு வெயிலில் நொறுங்கும் பிளாஸ்டிக்தான் சுவரில் மிஞ்சும். கழிவில் கைவேலை செய்ய வேண்டுமென்றால் உடைந்த மேசைகளின் இரும்புச் சட்டங்களை எடுத்து, மீந்துபோன கடப்பைக்கல்லை மேலே வைத்து இருக்கை செய்யச் சொல்லுங்கள். கொட்டாங்குச்சியில் நாற்று வளர்க்கலாம்.

மியாவாக்கி முறையை உருவாக்கிய ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி, அந்தந்த மண்ணுக்குரிய மரங்களையே நட வேண்டும் என்றவர்; அந்தக் கொள்கையில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் சதுர மீட்டருக்கு மூன்று, நான்கு கன்று என்று நெருக்கி நட்டு முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் தவறாமல் நீர் விட வேண்டிய முறை அது. ஐந்து சென்டில் செய்தாலும் 600 கன்றுக்கு மேல் வரும். அந்த நீர் உங்களிடம் இல்லை. வளர்ந்த பிறகு உள்ளே நுழைந்து அமரவும் முடியாது. 1937-இல் தாம்பரத்துக்கு இடம் பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் 365 ஏக்கர் வளாகம், அங்கிருந்த முட்புதர்க் காட்டை அழிக்காமல் அதோடு மரங்களைச் சேர்த்து வளர்ந்தது. அதில் பெரும்பங்கு ஆற்றியவர் வேதியியல் கற்பித்த பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ். இருப்பதை ஒட்டி மெதுவாக வளர்க்கும் அந்த வழிதான் நமக்கு ஏற்றது.

இனிச் செடிகள். முதலில் வேலி, ஏனென்றால் நடவு முடிந்த வாரமே ஆடு வரும். முள்கம்பி போடுவதாக இருந்தாலும் அதன் ஓரமாக நொச்சிக் குச்சியையும் ஆடாதோடைக் குச்சியையும் ஊன்றிவிடுங்கள். இரண்டும் குச்சியிலிருந்தே துளிர்க்கும். ஆடாதோடையை ஆடு தொடாது என்பது அதன் பெயரிலேயே இருக்கிறது. கிளுவைப் போத்து (ஊன்றினால் துளிர்க்கும் தடித்த கிளை) கிடைத்தால் அதுவே நிரந்தர உயிர்வேலி. விரைவாகப் பசுமை காட்டும் என்று கோனோகார்பஸ் என்ற அயல்நாட்டு மரத்தைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அதை நட வேண்டாம். குஜராத் அரசு 2023-இல் அதை நடத் தடை விதித்தது, தமிழ்நாடு அரசும் பின்னர் அதே முடிவுக்கு வந்தது.

மரங்களுக்கு 20 சென்டில் பதினெட்டு போதும்: புங்கம் ஐந்து, பூவரசு மூன்று, வேம்பு, மகிழம், சரக்கொன்றை இரண்டிரண்டு, இலுப்பை, நாவல், நெல்லி, வன்னி ஒவ்வொன்று. புங்கத்துக்கு ஏன் முதலிடம் என்றால், மற்ற மரங்கள் வாடி நிற்கும் பங்குனி, சித்திரையில்தான் அது பழைய இலையைக் கொட்டிவிட்டுப் புதுத்தளிரோடு அடர்நிழல் தருகிறது. பூவரசுக்கு உவர்ப்பு ஒரு பொருட்டல்ல. கையளவு பருமனுள்ள போத்தை வெட்டி ஊன்றினால் போதும். இலுப்பையும் நாவலும் பெரிதாக வளர்பவை, சுவரிலிருந்து இருபதடியாவது தள்ளி நடுங்கள். நாவலைப் பாதையோரம் நட்டால் பழக்காலத்தில் தரையெல்லாம் கறையாகும். ஆலும் அரசும் இந்த இடத்துக்குப் பெரியவை. மரம் நிழல் தர மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை அகத்தியும் முருங்கையும், ஒரு மூங்கில் பந்தலில் கோவையும் சங்குப்பூவும் நிழல் கொடுக்கும். பசுமைத் தமிழகம் இயக்கம் 2022-இல் தொடங்கிய பிறகு வனத்துறை நாற்றங்கால்களில் நாட்டு மரக் கன்றுகள் பல வகையாகக் கிடைக்கின்றன; கல்லூரியின் கடிதத்தோடு ஆவணியிலேயே போய்க் கேட்டு வையுங்கள்.

புதர்ச்செடிகளில் செம்பருத்தி, நந்தியாவட்டை, பவழமல்லி, ஆவாரை, கறிவேப்பிலை, எலுமிச்சை ஆகியவை கோடையைத் தாங்கும். அரளியும் தாங்கும், ஆனால் எல்லாப் பகுதியும் நஞ்சு என்பதால் மாணவர் புழங்கும் இடத்தில் நான் நடுவதில்லை. ஒரு மூலையில் எருக்கை வெட்டாமல் விட்டுவிடுங்கள், வெந்தய வரியன் பட்டாம்பூச்சி அதில்தான் முட்டையிடும். அதன் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னால் போதும். கறிவேப்பிலையில் வரும் புழுவுக்காக ஒரு முறை மாணவர்கள் மருந்துப் புட்டியோடு வந்து நின்றார்கள். இலைமேல் காக்கை எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாக ஒட்டிக்கொண்டிருந்த அந்தப் புழுவைக் கண்ணாடிப் பாட்டிலில் தழையோடு விட்டு, வாயை வலைத்துணியால் கட்டி வைத்தோம். சில நாளில் பச்சைப் புழுவானது, பிறகு தண்டில் நூலால் இடுப்பைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவானது, ஒரு காலை வகுப்பின் நடுவே கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சியாக வெளிவந்தது. மருந்தடிக்காத தோட்டம் என்று பலகை எழுதி வைப்பதைவிட இது பயன் தந்தது.

பணத்தை நான் பிரித்தால் இப்படிப் பிரிப்பேன். கூரைநீர்க் குழாய், வாய்க்கால், பானை, ஒரு சிறு தொட்டி எல்லாம் சேர்த்து 22,000, வேலிக்கும் வாயிற்கதவுக்கும் 13,000, உழவு, விதை, எரு, புண்ணாக்குக்கு 8,000, மண்வெட்டி, கடப்பாரை, கூடை, குழாய்க்கு 5,000, செடிகளுக்கு 3,000. மீதி 9,000 ரூபாயைத் தொடவே கூடாது. அது மே மாதத்துக்கு உரியது. வாரத்துக்கு இரண்டு முறை வந்து நாற்பது பானையை நிரப்பிப் போக, வளாகத்தில் ஏற்கெனவே துப்புரவுப் பணி செய்யும் அக்கா ஒருவரையோ காவலர் ஒருவரையோ கேட்டுக்கொள்ளுங்கள். எட்டு வாரத்துக்குப் பதினாறு முறை, முறைக்கு 500 ரூபாய் என்றால் 8,000. உடைந்த பானைக்கு ஆயிரம். இந்த உழைப்பைச் சேவை என்று சொல்லி இலவசமாகக் கேட்காதீர்கள். தோட்டத்தைக் காப்பாற்றுவது அந்தப் பதினாறு நாள்தான், அதற்குக் கூலி உண்டு.

மாணவர்களைப் பொறுத்தவரை, நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒரு தன்னார்வலர் ஆண்டுக்கு 120 மணி நேரம் பணி செய்ய வேண்டும். நூறு பேர் கொண்ட ஓர் அலகுக்கு இந்தத் தோட்டம் சிறியது. கன்றுகளைப் பொறுப்புக் கொடுக்கும்போது முதலாமாண்டு மாணவர்களுக்கே கொடுங்கள். கடைசி ஆண்டு மாணவரின் பெயர்ப்பலகை தொங்கும் கன்று, அவர் பட்டம் பெற்றுப் போன ஆண்டே கேட்பாரற்றுப்போகிறது. ஒரு பேரேடு வையுங்கள்: நட்ட நாள், பானை நிரப்பிய நாள், உயரம், பட்டுப்போனால் காரணம். பட்டுப்போனதை மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள், அடுத்த ஆண்டு அந்தக் குழியில் என்ன நடலாம் என்பதை அதுதான் சொல்லும். பெயர்ப்பலகைகளை மரத்தில் ஆணியடிக்காமல் தரையில் ஊன்றுங்கள்.

இப்போது உடனே செய்ய வேண்டியது குழிச் சோதனைதான். 20 சென்டின் நான்கு மூலையிலும் நடுவிலுமாக ஐந்து குழி, ஒவ்வொன்றிலும் இரண்டாவது முறை நீர் வற்றிய நேரம். இந்த ஐந்து எண்களையும், நூலகக் கூரைக் குழாய் இப்போது எந்தப் பக்கம் இறங்குகிறது என்பதையும் எழுதி அனுப்புங்கள். பள்ளப் பாத்தியா மேட்டுப்பாத்தியா என்பதையும், முதல் வாய்க்காலை எந்த இடத்தில் வெட்டுவது என்பதையும் அவற்றைப் பார்த்துச் சொல்கிறேன்.